அசலும் நகலும்: லண்டன் வால்வ் அம்பிளிபயர்களின் ஒலி குறித்துச் சில குறிப்புகள்

மேற்கு லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து சவுத்தோல் ஊடாகச் செல்லும் அக்ஸ்பிரிட்ஜ் வீதி எம்மவர் பலருக்குப் பழக்கமானது. முருங்கைக்காய்க்கும் பச்சைமிளகாய்க்கும் 207ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போய்வந்தவர்கள் எம்மிடையே ஏராளம். அந்த வீதியில், சவுத்தோலுக்குச் சற்று முன்னே, ஹான்வெல் என்னுமிடத்தில் 76ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1960இல் ஜிம் மார்ஷல் என்ற ட்றம்ஸ் வாத்தியக்காரர் அங்கே ஒரு சிறிய வாத்தியக் கடையைத் திறந்தார். இரண்டு ஆண்டுகளின் பின் அவரது ஆட்கள் கிற்றாருக்கான அம்பிளிபயர் ஒன்றைச் செய்தார்கள். இன்று உலகெங்கும் 'மார்ஷல் ஒலி' என்று பெயர் பெற்றிருப்பது அந்தக் கடையில்தான் பிறந்தது.

இதுபோன்ற ஒரு சஞ்சிகையில் அம்பிளிபயருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எம்மவர் வீடுகளில் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் பக்கத்தில் இப்போது மின்கிற்றாரும் இருக்கிறது. பிள்ளைகள் வாசிக்கிறார்கள், பெற்றோர் காசு கொடுக்கிறார்கள், ஆனால் காதில் விழுவதைப் பற்றிக் கதைப்பதற்கு இரு தரப்பாரிடமும் பொதுவான சொற்கள் இல்லை. 'சத்தம்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டாவது, விலையுயர்ந்த வால்வ் அம்பிளிபயர்களைப் பற்றிய விவாதம் முழுவதும் 'அசல்' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே நடக்கிறது. எது அசல், எது நகல், அசலின் ஒலி எங்கே தொலைந்தது, எவ்வளவு கொடுத்தால் அதை மீட்கலாம் என்பதே பேச்சு. இந்தச் சொல்லோடு எமக்கும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. எமது மொழி, கோயில், நடனம், சமையல் எல்லாவற்றையும் இதே சொல்லால்தான் நாம் அளந்துவருகிறோம். எனவே இந்த விவாதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்பதில் பயனிருக்கிறது.

வால்வ் என்றால் என்னவென்று எங்களில் மூத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டு வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டுக் காத்திருந்த தலைமுறை அது. உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் வந்து, பெட்டி சூடேறிய பின்புதான் குரல் வரும். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் சூடாக்கப்பட்ட உலோகம் இலத்திரன்களை வெளிவிடுகிறது. அவற்றின் வழியில் கம்பி வலை ஒன்று இருக்கிறது. வலைக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய மின்னழுத்தம் பெரிய மின்னோட்டம் ஒன்றைக் கட்டுப்படுத்துகிறது. பெருக்கல் என்பது இவ்வளவுதான். றான்சிஸ்ரர் வந்ததும் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வால்வ் விடைபெற்றது. கிற்றார் அம்பிளிபயரில் மட்டும் அது போகவில்லை.

அதற்குக் காரணம் அதன் குறைபாடு. எந்தப் பெருக்கிக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லைக்கு மேலே தள்ளினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். சாதாரண றான்சிஸ்ரர் சுற்று பெரும்பாலும் கத்தியால் வெட்டியது போலத் தட்டையாக வெட்டும். காதுக்கு அது எரிச்சல். வால்வ் எல்லையை நெருங்க நெருங்க மெல்ல மெல்ல அமுக்கும். அமுங்கும்போது மூலச் சுரத்தோடு அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். எமது பாஷையில் சொன்னால், சட்ஜத்தை வாசித்தால் இரண்டாம் மடங்காக மேல் ஸ்தாயிச் சட்ஜமும், மூன்றாம் மடங்காக அதற்கு மேலுள்ள பஞ்சமமும் கூடவே எழும். தம்புராவில் தேர்ந்த காது தேடுகிற அதே உறவுகள்தான் இவை. வாத்தியக்காரர் 'வால்வின் சூடு' என்று சொல்வதன் பெரும்பகுதி இதுவே. பொறியியலாளர் கணக்கில் இது பிழை, திரிபு. அந்த அம்பிளிபயர்களைச் செய்தவர்கள் பலர் இதைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். வாசித்தவர்கள் அதைத் தேடிப் போனார்கள்.

லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிறந்த மூன்று அம்பிளிபயர்களை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலையுயர்ந்த கைவேலை அம்பிளிபயர்களில் கணிசமானவை இம்மூன்றில் ஒன்றின் வழித்தோன்றல்களே.

முதலாவது வொக்ஸ் ஏ.சி.30. கென்ற் பகுதியில் டார்ட்போர்ட் நகரில் ரொம் ஜெனிங்ஸ் நடத்திய நிறுவனத்தில் டிக் டெனி வடிவமைத்தது. 15 வாற் அம்பிளிபயர் முதலில் வந்தது. 1959 அளவில் 30 வாற். 'ஷாடோஸ்' குழுவினரும் பின்னர் 'பீற்றில்ஸ்' குழுவினரும் இதைப் பிரபலமாக்கினார்கள். ஈ.எல்.84 என்ற சிறிய வால்வுகள் நான்கு, பன்னிரண்டு அங்குல செலஸ்ரியன் ஒலிபெருக்கிகள் இரண்டு. வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே செலுத்திப் பிழை திருத்தும் ஏற்பாடு, அதாவது எதிர்ப்பின்னூட்டம், இதில் இல்லை.

இரண்டாவது, மேலே சொன்ன மார்ஷல் ஜே.ரி.எம்.45. மார்ஷலின் கடையில் திருத்த வேலை பார்த்த கென் பிரானும், ஹேய்ஸ் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் தொழில் பழகிய டட்லி கிறேவன் என்ற இளைஞரும் சேர்ந்து 1962இல் கட்டியது. 1964இல் இதன் தொழிற்சாலை ஹேய்ஸுக்கே வந்தது.

மூன்றாவது ஹைவற். 1960களின் பிற்பகுதியில் டேவ் றீவ்ஸ் என்பவர் லண்டனின் தென்மேற்கே சறே பகுதியில் தொடங்கியது. இதன் உட்புறக் கம்பி வேலையைப் பார்ப்பதே ஓர் அழகு. இராணுவக் கருவிகளில் காணப்படும் ஒழுங்கோடு ஒவ்வொரு கம்பியும் நேராக வளைந்து போகும். பீற் ரவுண்சென்ட், 'பிங்க் ஃபுளோயிட்' குழுவின் டேவிட் கில்மோர் போன்றோர் இதைப் பயன்படுத்தினர்.

இப்போது 'அசல்' விடயத்துக்கு வருவோம். மார்ஷலின் முதல் அம்பிளிபயர் ஒரு நகல். கலிபோர்னியாவில் லியோ பெண்டர் செய்த 'பாஸ்மன்' என்ற அம்பிளிபயரின் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்தது. பெண்டரும் வானத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அவர் வானொலி திருத்தும் கடைக்காரர். வால்வ் உற்பத்தியாளர்கள் வெளியிட்ட கையேட்டுச் சுற்றுகளிலிருந்து வளர்ந்தவர். இங்கிலாந்தில் 1950களில் டொலர் தட்டுப்பாட்டினால் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது. 1959இல் தடை நீங்கிய பின்னரும் அவற்றின் விலை சாதாரண வாத்தியக்காரருக்கு எட்டவில்லை. எனவே கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். மின்மாற்றி இங்கிலாந்தில் வாங்கியது. அமெரிக்க வெளியீட்டு வால்வுகளுக்குப் பதிலாகச் சீக்கிரமே ஹமர்ஸ்மித்தில் செய்யப்பட்ட கே.ரி.66 வந்தது. முதற் கட்டத்தில் பெண்டர் போட்ட வால்வைவிடக் கூடுதலாகப் பெருக்கும் ஈ.சி.சி.83 போடப்பட்டது. பத்து அங்குல அமெரிக்க ஒலிபெருக்கிகள் நான்குக்குப் பதில், பின்புறம் மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்ரியன்கள் நான்கு.

சுற்று ஒன்றுதான், குரல் வேறு. பெண்டர் தெளிவாக நிற்கும் இடத்தில் மார்ஷல் கரகரத்தது. 1966இல் எரிக் கிளப்ரன் மேற்கு ஹாம்ஸ்ரெட்டிலிருந்த டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜோன் மேயோலின் குழுவோடு இதன் ஒரு வகையை அறை அதிரும்படி முடுக்கி வாசித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் லண்டன் வந்திறங்கிய ஜிமி ஹென்றிக்ஸும் மார்ஷலையே எடுத்துக்கொண்டார். நகல் எடுக்கப் போனவர்கள் மாற்றுப் பொருட்களால் ஒரு புதுக் குரலைப் பெற்றுவிட்டார்கள். அவர்கள் அதைத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் வந்த குரலைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

இனி ஒலியை ஒப்பிடுவோம். இவ்விடயத்தில் எழுதப்படும் பெரும்பாலான ஒப்பீடுகளில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு அம்பிளிபயரையும் அதனதன் பெட்டியோடு கேட்பது. அப்போது நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் ஒலிபெருக்கிகளையும் மரப்பெட்டிகளையுமே. மற்றது, ஒலியளவைச் சமப்படுத்தாமல் கேட்பது. இரண்டில் சற்று உரத்து ஒலிப்பதையே காது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும். இது எவருடைய காதுக்கும் பொது. இவற்றைத் தவிர்த்து, சென்ற ஆண்டு தென் லண்டனில் ரயில் பாலத்து வளைவின் கீழுள்ள ஓர் ஒத்திகை அறையில் நண்பர்கள் சிலர் கூடினோம். பழைய ஏ.சி.30, பழைய ஜே.ரி.எம்.45, 100 வாற் ஹைவற், அத்தோடு ஜே.ரி.எம்.45ஐப் பார்த்து இன்றைய கைவினைஞர் ஒருவர் செய்த விலைகூடிய நகல். எல்லாவற்றுக்கும் ஒரே ஒலிபெருக்கிப் பெட்டி, ஒரே கிற்றார், அளவுகருவியால் சமப்படுத்திய ஒலி. அம்பிளிபயர்களுக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டோம்.

வாசித்தவர் நண்பர் ஒருவரின் மகன். ஆறு ஆண்டுகள் வாய்ப்பாட்டுப் படித்துவிட்டுக் கிற்றாருக்கு வந்தவர். நான் கேட்டுக்கொண்டபடி மேல்நாட்டுத் துண்டுகளோடு கரகரப்பிரியா ஆலாபனையும் வாசித்தார். கேட்க இருந்தவர்களில் ஒருவர் எழுபது கடந்தவர். வடமராட்சியில் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டிய தொழிலாளி.

வொக்ஸ் மென்மையாகத் தொட்டால் கணீரென்று பேசியது. மேல் ஒலிகளில் வெண்கலத் தாளத்தின் மினுக்கம். அழுத்தி வாசித்தால் கரகரப்பு வரும். ஆனால் தெளிவு எங்கே முடிந்து கரகரப்பு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப இடையில் எத்தனையோ படிகள். பின்னூட்டம் இல்லாததன் விளைவு இது. ஆலாபனையில் காந்தாரத்தை அசைக்கும்போது அசைவின் மேல்முனை நன்றாகக் கேட்டது. கீழிறங்கும் பகுதி சற்று மெலிந்தது.

மார்ஷல் தடித்த குரல். நடு ஒலிகள் முன்னால் வந்து நின்றன. கமகத்துக்கு இதில் ஒரு வசதி இருந்தது. கிற்றாரில் நரம்பை ஒருமுறை தட்டியதும் ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. காந்தாரத்தை நான்கு முறை அசைத்தால் முதல் அசைவு கேட்கும், நான்காவது தேய்ந்துவிடும். வால்வ் எல்லையில் அமுக்கும்போது தட்டின் பலத்த தொடக்கத்தைக் குறைத்து, மெலிந்த வாலை அதற்குச் சமமாகத் தூக்கிவிடுகிறது. நான்காவது அசைவும் முதலாவதின் பக்கத்தில் வந்து நிற்கிறது. கார்வை நீளுகிறது. வில் போடாத வாத்தியத்துக்கு வில் கிடைத்தது போல.

ஆனால் இதற்கு விலையுண்டு. இரண்டு நரம்புகள் சேர்ந்து ஒலித்தால் கரகரப்பு அவற்றைத் தனித்தனியே விடாது. இரண்டின் கூட்டலையும் கழித்தலையும் புதுச் சுரங்களாக உண்டாக்கும். சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். அவற்றின் வித்தியாசம் ஒன்று, அதாவது கீழ் ஸ்தாயிச் சட்ஜம். ரொக் இசைக்காரர் கனதியாக வாசிக்கும் இருசுரச் சேர்க்கையின் இரகசியமே இதுதான். ஆனால் சட்ஜத்தோடு ரிஷபத்தைச் சேர்த்தால் சுருதியில் சேராத ஓசைகள் குமுறிக்கொண்டு வரும். ஆகவே இராகம் வாசிப்பவர் சுருதி நரம்பை இதே அம்பிளிபயர் வழியாக மீட்டக்கூடாது. சுருதிக்கு வேறு பெட்டி வேண்டும்.

ஹைவற் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னது. கீழே உறுதி, மேலே வெளிச்சம், நடுவில் எந்த ஒப்பனையும் இல்லை. வேகமான பிருகாக்கள் ஒவ்வொரு சுரமும் உதிரியாக விழுந்தன. விரல் சறுக்கிய இடமும் அப்படியே கேட்டது. நரம்பு தேயும்போது ஒலியும் தேய்ந்தது. கார்வைக்கு உதவி எதுவும் கிடைக்கவில்லை. "அங்கிள், இது ரீச்சர் மாதிரி, ஒண்டையும் விடாது" என்று வாசித்தவரே சிரித்தார்.

நான்காவது, விலைகூடிய நகல். விரிப்புக்குப் பின்னால் இருந்த பழைய மார்ஷலையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது, ஐந்து பேரில் இருவர் நகலையே பழையது என்றார்கள். இருவர் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். ஐந்து பேர் ஒரு மாலையில் கேட்டதைப் பெரிய சான்றாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. எனினும் பெரியவர் சொன்ன ஒன்று குறிப்பிடத்தக்கது. மார்ஷலைக் கேட்டதும், "தம்பி, இது எங்கடை கோயில் செற் கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு விளக்கினார்: "போடவேண்டிய வால்வ் கிடைக்காட்டி இருக்கிறதைப் போட்டு, அதுக்கேத்தபடி சுத்தை மாத்திறது. பிறகு ஒவ்வொரு செற்றுக்கும் ஒவ்வொரு குரல். தூரத்திலை கேட்டாலே ஆற்றை செற் எண்டு எங்களுக்குத் தெரியும்."

இதில் நினைவின் மயக்கம் மட்டும் இருப்பதாக நான் கொள்ளவில்லை. எமது தலைமுறையின் காது பனைமரத்தில் கட்டிய குழாய் லவுட்ஸ்பீக்கரில் பழகிய காது. குழாய் கீழ் ஒலிகளை அறவே விட்டுவிடும். நடு ஒலிகளை முன்னே தள்ளும். நாதஸ்வரத்தையும் சினிமாப் பாட்டையும் நாம் வயல் தாண்டிக் கேட்டது அந்த நடு ஒலியில்தான். மார்ஷலின் நடு ஒலி எமது காதுக்கு உறவாகப் படுவதில் வியப்பில்லை. எனவே 'மேல்நாட்டுச் சத்தம்' என்று பிள்ளையின் அம்பிளிபயரைத் திட்டுகிற தகப்பன், தான் இருபது வயதுவரை திரிந்த ஒலியைக் கேட்டதும் இரசித்தார் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அந்த ஒலியும் முடுக்கிவிடப்பட்ட பெருக்கியின் ஒலிதான்.

மின்பெருக்கியும் இராக இசையும் சந்தித்த கதையில் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இடமுண்டு. இங்கிலாந்துக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோலின், 1971இல் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ராவில்' இரட்டைக் கழுத்துக் கிற்றாரை 100 வாற் மார்ஷல் வழியாக உச்ச ஒலியில் வாசித்தவர். 1975இல் அவர் 'சக்தி' குழுவில் இணைந்தபோது பக்கத்தில் வயலினோடு இருந்தவர் எல். சங்கர். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். 1958 கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்குப் போனது. எமது இடம்பெயர்வுகளின் நீண்ட பட்டியலில் அதுவும் ஒன்று.

'சக்தி'யில் மக்லோலின் மார்ஷலைக் கைவிட்டு மரக் கிற்றாருக்கு வந்தார். மெட்டுகளுக்கு இடையே பலகையைக் குழியாகச் செதுக்குவித்து, வீணையில் போல நரம்பை அழுத்தி இழுக்க வழி செய்துகொண்டார். குறுக்கே ஏழு பரிவு நரம்புகள் கட்டினார். வயலினும் கடமும் தபேலாவும் இருக்கும் சபையில் 100 வாற்றுக்கு இடமில்லை என்பது ஒருபுறம். கமகத்தை அம்பிளிபயரிடம் விடாமல் விரலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பது என் வாசிப்பு. சங்கர் எதிர்த்திசையில் போனார். 1980இல் பத்து நரம்புள்ள இரட்டை மின்வயலினை வடிவமைத்தார். மண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மரபான மண்டலினை விட்டு ஐந்து நரம்பு மின்மண்டலினைக் கையில் எடுத்ததும் கார்வைக்காகத்தான். கர்நாடக இசை உலகம் முதலில் முகம் சுளித்தது. பின்னர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது. எது அசல் வாத்தியம் என்ற கேள்விக்கு அவர்கள் வாசிப்பால் பதில் சொன்னார்கள்.

ஆனால் சந்தை வேறு பதில் சொல்கிறது. ஹமர்ஸ்மித்தில் கே.ரி.66 செய்த தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. லங்காஷயரில் பிளாக்பேர்ண் முலார்ட் ஆலை வால்வ் செய்வதை அதற்கு முன்னரே நிறுத்திவிட்டது. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இருந்தே வருகின்றன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட, உலகெங்கும் கிற்றார் வாசிப்பவர்கள் வால்வ் தேடி அலைந்தார்கள். பழைய முலார்ட் வால்வ் ஒன்று பெட்டி உடைக்காமல் கிடைத்தால் அதற்குப் புதிய வால்வின் பல மடங்கு விலை. அமெரிக்காவில் அலெக்சாண்டர் டம்பிள் என்ற தனிமனிதர் கையால் செய்த அம்பிளிபயர்கள் சில நூறுக்கு மேல் இல்லை. பிறர் பார்த்துச் செய்யாதிருக்க அவர் சுற்றின் மேல் பிசினை ஊற்றி மூடினார். 2022இல் அவர் காலமானார். அவருடைய அம்பிளிபயர்கள் ஒரு லட்சம் டொலருக்கு மேலும் விலைபோகின்றன. இன்னொரு வேடிக்கை: 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய 'மச்லெஸ்' நிறுவனம் வொக்ஸ் ஏ.சி.30ஐ ஆதாரமாகக் கொண்டு உயர்விலை அம்பிளிபயர் செய்தது. அமெரிக்காவைப் பார்த்து ஹான்வெல் செய்தது. டார்ட்போர்ட்டைப் பார்த்து அமெரிக்கா செய்தது. இப்போது இரண்டையும் பார்த்து உலகம் செய்கிறது.

இவற்றில் பல மிக நல்ல அம்பிளிபயர்கள். கைவேலைக்குக் கூலி நியாயமே. என் மறுப்பு அவற்றுக்குக் கற்பிக்கப்படும் தத்துவத்தின் மேல்தான். 1962இன் மின்தேக்கியையும் அதே நிறத் துணியையும் அதே பிழையான எழுத்தையும் தேடிப் பொருத்தினால் அந்த ஒலி திரும்பும் என்பது அந்தத் தத்துவம். ஹான்வெல்காரர்கள் செய்ததற்கு இது நேர்மாறானது. அவர்கள் கிடைத்ததைப் போட்டார்கள். இவர்கள் கிடைக்காததையே போடுவோம் என்கிறார்கள். உருவத்தைக் காப்பாற்றிச் செய்கையை விட்டுவிடுகிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தட்டுப்பாடே கலையைப் பெறும் என்று பேசுவது வசதியாக இருப்பவர்களின் பேச்சு. 1990 முதல் ஐந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை, பெற்றோல் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்கட்டையைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் பாட்டும் கேட்டார்கள். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் இழுபடும். அந்த வித்தையை மெச்சலாம். ஆனால் அந்தத் தடை மருந்தையும் தடுத்தது. அதில் உயிர்கள் போயின. லண்டனின் டொலர் தட்டுப்பாட்டையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் சொல்ல வருவது சிறியது. இல்லாமையில் இருந்தவர்கள் எவரும் அந்த இல்லாமையை அசல் என்று கொண்டாடவில்லை. கேட்க வேண்டிய பாட்டுக்காக டைனமோவைச் சுற்றினார்கள். மின்சாரம் வந்ததும் சைக்கிளை நிமிர்த்திவிட்டார்கள்.

எம்மவர் மேடைகளைப் பற்றி ஒரு குறை. பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் எமது கலைவிழாக்களில் கிற்றார் வாசிக்கும் பிள்ளையின் கம்பியை நேரே மண்டபத்துக் கலவைக் கருவியில் செருகிவிடுகிறார்கள். மின்கிற்றாரின் குரலில் பாதி அம்பிளிபயரிலும் அதன் ஒலிபெருக்கியிலும் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் தகரத்தில் தட்டிய ஓசைதான் மிஞ்சும். அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, 'இது எங்கடை இசைக்குச் சரிவராது' என்று மண்டபம் தீர்ப்புச் சொல்கிறது. வசதியுள்ளவர்கள் மறுமுனைக்குப் போய் 100 வாற் அம்பிளிபயரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அது அந்த மண்டபத்தில் கால்வாசிக்கு மேல் ஒருபோதும் திறக்கப்படாது. எல்லையைத் தொடாத வால்வ் தன் குரலைத் தராது. 100 வாற் 50 வாற்றைவிடச் சற்றே உரத்தது, அவ்வளவுதான். பத்து வாற்றைவிடக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆகவே என் தீர்ப்பை வெளிப்படையாகவே வைக்கிறேன். இராகம் வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு, மார்ஷல் வழியில் வந்த பதினைந்து, இருபது வாற் சிறிய வால்வ் அம்பிளிபயர் ஒன்று போதும். அதன் முன்னால் ஒரு மைக் வைக்க வேண்டும். சுருதி வேறு பெட்டியில் வர வேண்டும். வேகத்தையும் நுணுக்கத்தையும் பழகுகிறவருக்கு ஹைவற் வகை நல்ல ஆசிரியர். பாட்டுக்குப் பின்னணி வாசிப்பவருக்கு வொக்ஸ். இவற்றின் பெயர் பொறித்த பழம்பொருள் தேவையில்லை. அவற்றின் நகலின் நகலும் போதும்.

அந்த ஒத்திகை அறையில் வாசித்த இளைஞரின் காந்தாரம் எந்த ஆசிரியரின் பாடாந்தரத்தோடும் முற்றாகப் பொருந்தவில்லை. வாய்ப்பாட்டில் கற்ற அசைவு, கிற்றாரின் மெட்டில் தடக்கி, வால்வில் நீண்டு, வேறொன்றாக வந்தது. அதைச் சரி, பிழை என்று அளப்பதற்கு முன்னர், இன்னும் பத்து ஆண்டுகள் அவர் அதை வாசிப்பதற்கு ஓர் அறையும் கேட்பதற்குச் சில காதுகளும் கொடுப்பது எமது பொறுப்பு. ஹான்வெல் கடைக்கு வந்து வாசித்தவர்களுக்கு அவையிரண்டும் கிடைத்திருந்தன.